பந்து ஏன் இன்று வேறு மாதிரி ஓடுகிறது? லேன் எண்ணெயில் தொடங்கிக் கோளாறு தேடும் வழி

பவுலிங்கில் போன வாரம் நேராகப் பாக்கெட்டில் (முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே உள்ள இடைவெளி) போய் விழுந்த பந்து, இந்த வாரம் ஹெட்பின்னைத் (முன்னால் நிற்கும் முதல் பின்) தாண்டி இடப்பக்கம் ஓடுகிறது. கையும் அதேதான், பந்தும் அதேதான். மாறியது லேன், அதாவது பந்து உருளும் தளத்தின் மேல் இருக்கும் எண்ணெய். ஒரு லேனில் பூசுவது மொத்தமே 20 முதல் 30 மில்லிலிட்டர், அதாவது நாலு முதல் ஆறு தேக்கரண்டி. அதுவும் கண்ணுக்குத் தெரியாத படலமாக. விளையாட விளையாட அது கரைகிறது, இடம் மாறுகிறது, பந்துக்குள்ளேயே ஊறியும் போகிறது. இதைக் கவனிக்காமல் புதுப் பந்து வாங்கக் கிளம்புகிறவர்கள் ஏராளம். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு பிரிவிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், புரோ ஷாப் (பந்து விற்று, துளையிட்டு, பராமரிக்கும் கடை) கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

டென்பின் பவுலிங்கில் வலக்கைக்காரருக்கு எழுதியது இது. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றும் முன்: மூன்று பந்து, மூன்று பார்வை

லேனின் குறுக்கே 39 பலகைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். வலப்பக்கக் கால்வாயிலிருந்து (லேன் ஓரப் பள்ளம்) எண்ணினால் லேனில் குறித்திருக்கும் அம்புகள் 5, 10, 15, 20 என்று ஐந்தைந்து பலகைக்கு ஒன்றாக இருக்கும். பாக்கெட் ஏறத்தாழ பதினேழரையாவது பலகையில். ஒரே மாதிரி மூன்று பந்து போடுங்கள். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியது: அம்புகளை எந்தப் பலகையில் தாண்டியது, வலப்பக்கம் எந்தப் பலகை வரை போய்த் திரும்பியது, எந்தப் பின் நின்றது. திரும்பும் இடத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. பந்து கையை விட்டதும் கண் பின்களுக்குப் போய்விடுகிறது. கோளாறின் பாதிப் பதில் அந்தத் திரும்பும் இடத்தில்தான் கிடக்கிறது.

எண்ணெய் எத்தனை அடி வரை பூசியிருக்கிறார்கள் என்று கவுன்ட்டரில் கேளுங்கள். சொல்லிவிடுவார்கள். அந்த எண்ணிலிருந்து 31-ஐக் கழித்தால், பந்து எண்ணெயை விட்டு வெளியே வரும்போது இருக்க வேண்டிய பலகை கிடைக்கும். 41 அடி என்றால் 10-ஆம் பலகை. 35 அடி என்றால் 4-ஆம் பலகை, கிட்டத்தட்ட கால்வாய் ஓரம். 45 அடி என்றால் 14. இது தோராயம்தான். ஆனால் 45 அடிப் பூச்சில் பந்தை 6-ஆம் பலகைக்கு அனுப்பிவிட்டு ஏன் திரும்பவில்லை என்று தேடுகிறவருக்கு இந்த ஒரு கழித்தலே விடை.

கடைசியாக, திரும்பி வந்த பந்தைத் துடைக்கும் முன் வெளிச்சத்தில் ஒரு முறை உருட்டிப் பாருங்கள். மெல்லிய எண்ணெய் வளையங்கள் பந்தைச் சுற்றி ஓடும். இரண்டு இடங்களில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, இடையில் விசிறிபோல் விரிந்து, கழுத்தில் கட்டும் வில் டை மாதிரி தெரியும். வளையங்கள் ஈரமாகப் பளபளத்தால் லேனில் எண்ணெய் நிறைய இருக்கிறது. தேடிப் பிடித்துப் பார்க்கவேண்டிய அளவுக்கு மங்கலாக இருந்தால் நீங்கள் உருட்டும் பாதை காய்ந்துவிட்டது. இந்தப் பார்வைக்கு ஐந்து விநாடி போதும்.

அறிகுறி 1: பந்து அதிகமாக வளைந்து ஹெட்பின்னின் மூக்கில் அல்லது இடப்பக்கம் அடிக்கிறது

நிற்கும் பின்கள் (ஹெட்பின் 1, பிறகு வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக எண்): 4 மட்டும், 3-10, 4-9, மோசமானால் 4-6-7-10.

*முதல் சில ஃபிரேமில் (ஆட்டத்தின் சுற்றுகளில்) சரியாக இருந்து, பிறகு தொடங்கியதா?*

அப்படியென்றால் எண்ணெய் கரைந்துவிட்டது. ரியாக்டிவ் ரெசின் பந்து (எண்ணெயை உறிஞ்சும் மேற்பரப்புள்ளது) ஒவ்வொன்றும் தான் போன பாதையிலிருந்து எண்ணெயை எடுத்துக்கொண்டுதான் திரும்புகிறது. ஐந்து பேர் ஒரே பாதையில் உருட்டினால் ஒரு கேம் முடிவதற்குள் அந்தப் பாதை காய்ந்துவிடும். நிற்கும் கால் இரண்டு பலகை இடப்பக்கம், குறி (அம்புகளில் நீங்கள் நோக்கும் பலகை) ஒரு பலகை இடப்பக்கம். இன்னும் போதவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, காலை மட்டும் நகர்த்திக் குறியை அப்படியே விடுவது. குறி அம்புகளில், அதாவது ஏறத்தாழ 15 அடியில் இருக்கிறது. பின்கள் 60 அடியில். காலை ஒரு பலகை நகர்த்தினால் பின்கள் இருக்கும் இடத்தில் பந்து மூன்று பலகை நகரும். கொஞ்சம் தள்ளி விழுந்த பந்தைத் திருத்த இது சரியான கருவி. ஆனால் பாதையே காய்ந்துவிட்டபோது இப்படிச் செய்தால் பந்து அதே காய்ந்த பலகைகளின் மேல்தான் ஓடும், கோணம் மட்டும் மாறும். இரண்டையும் சேர்த்து நகர்த்தினால்தான் பந்து ஈரம் உள்ள இடத்துக்குப் போகும்.

*முதல் பந்திலிருந்தே இப்படியா?*

வேகத்தைப் பாருங்கள். ஸ்கோர் திரையில் காட்டும் வேகம் வழக்கத்தைவிட மணிக்கு ஒரு மைல் குறைந்திருந்தாலே பந்துக்கு வளைய நேரம் அதிகம் கிடைத்துவிடும். களைப்பு, ஒட்டும் ஷூ, கட்டைவிரல் துளை இறுக்கம் ஆகிய மூன்றும் வேகத்தைத் தின்னும். விரல் ஈரத்தில் வீங்கித் துளையில் மாட்டினால் கை தன்னையறியாமல் பந்தைப் பிடித்து இழுக்கும். துளைக்குள் ஒட்டியிருக்கும் டேப்பில் ஒரு துண்டை உரித்துவிட்டுப் பாருங்கள்.

வேகம் சரி, ஆனாலும் வளைகிறது என்றால் பந்து இந்த லேனுக்கு அதிகமாக வளையக்கூடியது. பையில் மங்கலான பந்தும் பாலிஷ் போட்ட பந்தும் இரண்டும் இருந்தால் பாலிஷ் பந்துக்கு மாறுங்கள். ஒரே பந்துதான் என்றால் போட்டி முடியும்வரை இடப்பக்கம் நகர்ந்தே சமாளிக்க வேண்டும். யுஎஸ்பிசி (அமெரிக்க பவுலிங் காங்கிரஸ்) சான்றளித்த போட்டியின் நடுவே பந்தைத் தேய்த்து மேற்பரப்பை மாற்ற விதி இடம் தராது.

*பந்து முதல் 20 அடிக்குள்ளேயே வளையத் தொடங்குகிறதா?*

இதைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது அவசியம். முன்பகுதி எண்ணெய் காய்ந்துவிட்டால் பந்து அம்புகளிலேயே பிடித்துக்கொள்கிறது. இப்போது வேகத்தைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் வேகத்தைப் பலமாகக் கூட்டினால் கை கட்டுப்பாடு போய்விடும். பந்தை விடும்போது கொஞ்சம் முன்னால், கோட்டைத் தாண்டி விழும்படி மெதுவாகத் தூக்கி விடுங்கள். கோடு என்றால் ஃபவுல் லைன், கால் அதைத் தாண்டக்கூடாது, பந்து தாண்டலாம். அப்படியும் பிடித்தால் வழுவழுப்பான பந்துக்கு மாறுங்கள்.

அறிகுறி 2: பந்து வளையாமல் வழுக்கிக்கொண்டே போகிறது

நிற்கும் பின்கள்: 2 மட்டும், 5-7, 8-10, அல்லது 1-2-10.

*லேன் இப்போதுதான் பூசியதா?*

அப்படியானால் பந்தில் குறையில்லை. கால் இரண்டு, குறி ஒன்று, இந்த முறை வலப்பக்கம். வழக்கமான ஹவுஸ் ஷாட்டில் (அரங்குகளின் அன்றாட எண்ணெய்ப் பூச்சில்) எண்ணெய் நடுவில் கொட்டிக் கிடக்கும், ஓரங்களில் மெல்லியதாக இருக்கும். ஓரம் நோக்கிப் போனால் பிடிமானம் கிடைக்கும். வலப்பக்கம் போயும் வளையவில்லை என்றால் அது ஹவுஸ் ஷாட் இல்லை, தட்டையாகப் பூசிய போட்டிப் பூச்சாக இருக்கும். ஓரத்திலும் நடுவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு எண்ணெய். அங்கே வலப்பக்கம் தவறினால் பந்து திரும்பாது. தவறே இல்லாமல் குறி வைப்பது ஒன்றுதான் வழி. வேறு நுணுக்கம் எதுவும் அங்கே உதவாது.

*வேகம் வழக்கத்தைவிட அதிகமா?*

போட்டியில் பதற்றம் வந்தால் கால் வேகமாகும், பந்தும் வேகமாகும். பிடியைத் தாழ்த்திப் பாருங்கள். நெஞ்சு உயரத்தில் தொடங்குகிறவர் இடுப்புக்குக் கொண்டுவந்தால் கை வீச்சின் உயரம் குறைந்து வேகம் தானாக இறங்கும்.

*முன்பகுதி காய்ந்திருக்கிறது, ஆனால் பின்பகுதியில் வழுக்குகிறதா?*

எண்ணெய் கீழே தள்ளிக்கொண்டு போகப்பட்டிருக்கிறது. பிளாஸ்டிக், யூரித்தேன் பந்துகள் எண்ணெயைக் குடிப்பதில்லை. எண்ணெய் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு, வறண்டிருக்க வேண்டிய கடைசிப் பகுதியில் போய்ப் படிகிறது. உங்கள் ஜோடி லேனில் (நீங்கள் மாறி மாறி ஆடும் இரண்டு லேன்களில்) யாராவது யூரித்தேன் போடுகிறார்களா என்று பாருங்கள். போட்டால் அவர்களின் பாதையை விட்டு விலகுங்கள். பந்தை மாற்றுவதைவிட இது பலன் தரும்.

*மற்றவர்களின் பந்து வளைகிறது, உங்களுடையது மட்டும் இல்லையா?*

இப்போதுதான் பந்தைச் சந்தேகப்பட வேண்டும். ஒவ்வொரு உருட்டலுக்குப் பிறகும் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறீர்களா? துடைக்காத பந்தின் அடுத்த உருட்டல் ஏற்கெனவே ஈரமான வளையத்தில் தொடங்குகிறது. 2019 ஆகஸ்ட் முதல் யுஎஸ்பிசி போட்டியின்போது திரவத் துப்புரவு கூடாது, உலர்ந்த துணி மட்டுமே. ஆகவே துணி நல்லதாக இருக்க வேண்டும். துடைத்தும் சரியாகவில்லை என்றால் கீழே பந்தைச் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 3: பாக்கெட்டில்தான் விழுகிறது, ஆனால் 10-ஆம் பின் நிற்கிறது

அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற இடம் இது. ஆனால் மற்ற எல்லா அறிகுறிகளையும்விட இதுதான் தெளிவாகப் பேசுகிறது. ஆறாம் பின்னைப் பாருங்கள், பத்தாம் பின்னை அல்ல.

*ஆறாம் பின் பத்தாம் பின்னின் கழுத்தை உரசாமல் சுற்றிப் பறக்கிறதா?*

பந்தில் தெம்பு இருக்கிறது. ஆனால் ஒரு நூலளவு தாமதமாக வளைந்து, ஒரு நூலளவு வலப்பக்கம் விழுகிறது. கால் ஒரு பலகை வலப்பக்கம், குறி அப்படியே. அல்லது வேகத்தை ஒரு சிறிதளவு குறையுங்கள். இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். பந்து மாற்றுவது தவறு.

*ஆறாம் பின் சோர்ந்துபோய்க் கால்வாயில் சாய்ந்து கிடக்கிறதா?*

பந்து பின்களை வந்தடையும்போது வலு இழந்துவிட்டது. இதற்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு காரணங்கள் உண்டு. தவறான மருந்து கொடுத்தால் நோய் கூடும். கடைசி 15 அடியில் பந்தின் பாதையைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

சீக்கிரமே வளைந்து, பிறகு வளைவதை நிறுத்தி நேர்கோட்டில் ஓடுகிறது என்றால், பந்து தன் சக்தியை நடுவழியிலேயே செலவழித்துவிட்டது. பவுலிங்காரர்கள் 'ரோல் அவுட்' என்பது இதைத்தான். பந்து ஹெட்பின்னில் பட்டதும் வலப்பக்கம் தள்ளப்பட்டுவிடும். காலையும் குறியையும் இடப்பக்கம் நகர்த்துங்கள், முன்பகுதியில் எண்ணெய் பிடிக்கட்டும். அல்லது மேற்பரப்பு வழுவழுப்பான பந்துக்கு மாறுங்கள். மங்கலான 500 கிரிட் (தேய்ப்பின் அளவு, எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்) பந்து காய்ந்த லேனில் ரோல் அவுட் ஆவது மிகச் சாதாரணம்.

கடைசி வரை வழுக்கிக்கொண்டே வந்து அப்போதுதான் திரும்பத் தொடங்குகிறது என்றால், அது அறிகுறி 2-இன் இன்னொரு முகம். வலப்பக்கம் நகர வேண்டும், அல்லது இன்னும் சொரசொரப்பான பந்து.

இரண்டிலும் பின்கள் விழும் விதம் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். ஆகவே இதைப் பின்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. தனியாகப் பயிற்சி எடுக்கும்போது கைபேசியை உங்களுக்குப் பின்னால் தோள் உயரத்தில் நிறுத்திப் படம் பிடித்து, கடைசி 15 அடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

எட்டாம் பின் மட்டும் உறுதியாக நின்றால் விட்டுவிடுங்கள். நல்ல அடியில் அதுவும் நடக்கும். ஒன்பதாம் பின் திரும்பத் திரும்ப நின்றால் பந்து ஹெட்பின்னின் நடுவைச் சற்று ஒட்டி, கூடுதல் கோணத்தில் உள்ளே போகிறது. பாக்கெட்டுக்கு 4 முதல் 6 டிகிரி கோணம் போதும். கால் ஒரு பலகை இடப்பக்கம்.

அறிகுறி 4: ஒரு பந்து ஓடிப்போகிறது, அடுத்தது தாவி வளைகிறது

ஒரு பலகை உள்ளே போனால் வழுக்குகிறது, ஒரு பலகை வெளியே போனால் குதித்துத் திரும்புகிறது. எண்ணெய்க்கும் காய்ந்த பகுதிக்கும் இடையே வரப்பு போல ஒரு கோடு விழுந்துவிட்டது. முதலில் அந்த வரப்பை விட்டுத் தள்ளிப் போங்கள், ஐந்து பலகை இடப்பக்கம் நகர்ந்தாலும் பரவாயில்லை.

தள்ளிப் போக இடமில்லை என்றால் பந்து. இங்கேதான் நிறையப் பேர் கடையில் இருக்கும் மிகப் பலமான பாலிஷ் பந்தை வாங்கி நிலைமையை இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். பாலிஷ் பந்து எண்ணெயில் வழுக்கி, காய்ந்த இடத்தில் கூர்மையாகத் திரும்பும் இயல்புடையது. இந்த லேன் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறது. வேண்டியது எதிர்மாறானது: பாலிஷ் இல்லாமல் 2000 கிரிட் வரை தேய்த்த, நிதானமாக வளையும் பந்து. யூரித்தேனும் பொருந்தும், மேலே சொன்ன எண்ணெய் தள்ளும் குணத்தை மனத்தில் வைத்துக்கொண்டால். பாலிஷ் நீக்க வீட்டிலேயே தண்ணீர் நனைத்த 2000 பேடால் செய்யலாம்: பந்தை நான்கு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் அரை நிமிடம், ஒரே அழுத்தம். பாலிஷ் தடிமனாக இருந்தால் முதலில் 1000. சமமாக வராது என்று தோன்றினால் சுழல்மேசை வைத்திருக்கும் புரோ ஷாப்பில் கொடுங்கள்.

அறிகுறி 5: இடது லேன் ஒரு மாதிரி, வலது லேன் ஒரு மாதிரி

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. லேன் மட்டத்தில் 40/1000 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டர் அளவு ஏற்றத்தாழ்வை விதியே அனுமதிக்கிறது. பந்துக்கு அது போதும். இரண்டு லேனுக்கும் தனித்தனிக் கால் இடம், தனித்தனிக் குறி வைத்துக்கொண்டு எழுதி வையுங்கள். ஒரு லேனில் நகர்ந்தால் மற்றதிலும் நகர வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஆனால் ஒரே லேனில், எல்லார் பந்தும் ஒரே பலகையில் வந்ததும் வழுக்கினாலோ திடீரென்று பிடித்தாலோ, அது பூசும் இயந்திரத்தின் குறை. முனை அடைத்திருக்கலாம், ஒரு பட்டை எண்ணெயே விழாமல் போயிருக்கலாம். இதை நீங்கள் சரி செய்ய முடியாது. எந்த லேன், எந்தப் பலகை, எத்தனையாவது அடி என்று குறித்து லேன் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "லேன் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அறிகுறி 6: எந்த லேனிலும் பந்துக்கு உயிர் இல்லை

வாங்கிய புதிதில் இருந்த வளைவு போய்விட்டது, எங்கே போட்டாலும் சப்பென்று ஓடுகிறது. செலவு குறைந்ததிலிருந்து:

முதலில் துப்புரவு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ பந்துக்கான துப்புரவுத் திரவத்தையோ துணியில் எடுத்துத் துடையுங்கள். பந்து இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஆட்டம் முடிந்தவுடன் செய்தால் எண்ணெய் உள்ளே இறங்குமுன் வரும். அசிட்டோன் வேண்டாம், மேற்பரப்பை மென்மையாக்கிவிடும்.

அடுத்து மேற்பரப்பு. மங்கலான பந்து லேனிலேயே உரசி உரசி வழுவழுப்பாகிவிடும், பாலிஷ் பந்து கீறல் பட்டு மங்கும். ஓட ஓட இரண்டும் நடுவில் எங்கோ ஒரே மாதிரியாகின்றன. நகத்தால் உரசிப் பாருங்கள். புதிதில் இருந்த பிடிப்பு இல்லை என்றால், பெட்டியில் எழுதியிருந்த கிரிட்டுக்குத் திரும்பத் தேய்க்க வேண்டும். 60 கேமுக்கு ஒரு முறை முழுதாக மேற்பரப்பைப் புதுப்பிப்பது நல்ல வழக்கம்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஊறிய எண்ணெய். துளைகளை டேப்பால் மூடி, வாளியில் பந்து மூழ்கும்வரை 50 டிகிரி வெந்நீர் ஊற்றிப் பாத்திரம் துலக்கும் சோப்பில் சில சொட்டு விடுங்கள். 20 நிமிடம். பந்தின் மேல் மஞ்சளான வழவழப்பு திரண்டு வருவது கண்ணுக்குத் தெரியும். துடைத்து, தண்ணீர் மாற்றி இன்னொரு முறை. வழவழப்பு வருவது நிற்கும்வரை இப்படியே செய்யுங்கள். அதற்குப் பிறகு மேற்பரப்பைக் கட்டாயம் புதிதாகத் தேய்க்க வேண்டும். ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் இரண்டும் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் டிக்கியும் கூடாது. வெப்பம் ஏறி இறங்கினால் பந்து விரிசல் விடும்.

இதற்கு மேல் புரோ ஷாப்தான். துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, உருளும்போது டக் டக் என்று ஒலி கேட்டாலோ உடனே எடுத்துப் போங்கள். ஒலி என்றால் பந்தின் பாதை விரல் துளை அல்லது கட்டைவிரல் துளையின் மேல் ஏறுகிறது என்று பொருள். எண்ணெய் வளையம் துளையைத் தொடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். துளையிட்ட அமைப்பு உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. அதைத் தேய்த்தோ கழுவியோ சரி செய்ய வழியில்லை, அடைத்துவிட்டு மறுபடி துளையிட வேண்டும்.

அறிகுறி 7: ஸ்பேரில் 10-ஆம் பின் கையில் சிக்கவில்லை

ஸ்பேர் என்பது முதல் பந்தில் நின்றுவிட்ட பின்களை இரண்டாம் பந்தில் வீழ்த்துவது. ஸ்ட்ரைக்குக்கு (எல்லாப் பின்னையும் முதல் பந்திலேயே வீழ்த்த) வீசும் பந்தை அப்படியே 10-ஆம் பின்னுக்கு அனுப்பும்போது, காய்ந்த ஓரம் அதைப் பின்னுக்கு முன்னாலேயே இடப்பக்கம் இழுத்துவிடும். பிளாஸ்டிக் பந்தை எடுத்து, இடப்பக்கம் நின்று, குறுக்காக நேராக அனுப்புங்கள். பிளாஸ்டிக்கை எண்ணெய் அதிகம் பாதிப்பதில்லை. பந்து இல்லை என்றால் அரங்கில் கிடைக்கும் ஹவுஸ் பந்திலேயே விரல் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.